படிக்கட்டின் மேலே நாசெலி

மே 19
ஆப்ரிகாட் மரங்களுக்கு மருந்தடித்தேன். நாசெலி ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கிளையை விட்டுட்டியே, கண்ணை எங்க வச்சிருக்க?" என்று கத்தினாள். குரலில் பழைய தெம்பு. மதியம் வரை சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அவள் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் தயிர். அதுவும் உள்ளே தங்கவில்லை.

மே 21
யெரெவான் பட்டணத்திலிருந்து மகள் தாகுஹி போன் செய்தாள். புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது என்று டாக்டர் எங்களிடம் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான். "அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதப்பா. தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவா."
இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான். நோயாளிக்கு மட்டும் தெரியாது. நானும் 'வயிற்றுப் புண்' என்றே சொல்லி வருகிறேன். எவ்வளவு நாளைக்கு?

மே 24
நாசெலிக்கு மடத்துக்குப் போய்ச் சேவல் நேர்ச்சை கொடுக்க வேண்டுமாம்.
"புண்ணுக்கெல்லாம் எதுக்கு நேர்ச்சை?" என்று கேட்டுத் தொலைத்தேன்.
என் முகத்தையே பார்த்தாள். "ஏன், புண்ணுக்குக் கொடுத்தா கடவுள் வேண்டாம்பாரா?"

மே 26
எழுதிவிட்டால்தான் தூங்க முடியும்.

மச்சான் முஷேக்தான் காரோட்டினான். பள்ளத்தாக்கில் நேற்றைய மழைக்குக் கல் சரிந்து கிடந்தது. தன் தங்கைக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து வழியெல்லாம் ஜோக்கடித்துக்கொண்டே வந்தான், பாவம். மடத்தில் சாமியார், சேவலுக்கு ஊட்ட உப்பை மந்திரித்துக் கொடுத்தார். முஷேக் சேவலைப் பிடித்துக்கொள்ள, நாசெலி கோயிலை மூன்று முறை சுற்றினாள். அவன் சேவலை அறுக்கக் கொண்டுபோன நேரத்தில், அவள் பாட்டுக்கு முகப்புச் சுவரில் மாடிக் கோயிலுக்குப் போகும் ஒடுங்கிய கல்படியில் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் படி! பாதம் முழுதாகப் பதியாது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில்கூட நான் ஏறியதில்லை, கீழே பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அவள் கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினாள். "இறங்கு நாசெலி, இறங்கு!" என்று கத்துவதைத் தவிர வேறென்ன செய்தேன்? ஒன்றுமில்லை.

மேல் கோயில் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்:
"செரோப், இப்ப நீ கொல்லைக்கு ஓட முடியாது. போன் வந்துச்சுன்னு எழுந்து போக முடியாது. எனக்கு என்ன?"
"முதல்ல இறங்கும்மா, வீட்டுல பேசலாம்."
"புண்ணா?"
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.
"புண்ணான்னு கேட்டேன்."
இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். எனக்கு முப்பது வயசு கூடிப்போன மாதிரி இருந்தது.

அவள் அழவில்லை. எதிர்ப்பக்கத்துச் செம்பாறையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எனக்கு இறங்க வரல" என்றாள், சின்னக் குரலில்.
போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அவளுக்குக் கீழே இருந்துகொண்டு, அவள் காலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தேன். கணுக்கால் குச்சியாக இருந்தது.

மே 27
நாசெலி என்னோடு பேசவில்லை.

மே 28
பேசவில்லை. உப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 2
தாகுஹி வந்து என்மேல் பாய்ந்தாள். "ஏன்பா சொன்ன? உனக்கென்ன பைத்தியமா?"
நாசெலி உள்ளேயிருந்து, "அப்பாவை விடு. நான் செத்தப்புறம் திட்டு, அப்ப நேரமிருக்கும்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள்.

ஜூலை 11
புற்றுக்கு மருந்து ஏற்ற இனிமேல் யெரெவானுக்குப் போகமாட்டாளாம். கெஞ்சினேன். கோபப்பட்டேன். தாகுஹி போனில் அழுதாள். "என் உடம்பு. தெரிஞ்ச பிறகாவது என்னைக் கேளுங்க" என்கிறாள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ?

செப்டம்பர் 30
திராட்சை அறுப்பு. நான் போகவில்லை.

நவம்பர் 9
முதல் பனி. முன்பெல்லாம் வலி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்போது சொல்கிறாள். மதியம், "செரோப், வலிக்குது" என்றாள். நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டாள், அது இன்னும் வேலை செய்யவில்லை.
சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுப்பில் விறகு போட்டேன். வேறு செய்ய ஒன்றுமில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
"எங்க வலிக்குது, சொல்லு" என்றேன்.
சொன்னாள்.