வலைமேல் காய்ந்த துணிகள்

தாம்பரம்
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கங்கம்மா அக்கா கையில் இந்தக் கடிதம் வந்தால் பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் செய்தால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். நாலு பேர் காதில் விழும்படி எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். கங்கம்மா அக்காதான் தினமும் கோவளத்திலிருந்து மீன் எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருகிறாரே. கம்பெனிக்குப் போகும் ரயிலைப் பிடிக்கும் முன் அவரிடம் கொடுத்துவிடுவேன். "படிச்ச பொண்ணு, உனுக்கு வாட்ஸ்அப் இல்லியா?" என்று சிரித்தார். வாட்ஸ்அப் அக்கா வீட்டுக்காரர் போனில் இருக்கிறது, மாமா கடலில் இருக்கிறார் என்றேன்.

போன மாதம் அங்கே வந்தபோது உன் பிள்ளை மதியை ஒரு நாள் முழுக்க நான்தான் தூக்கி வைத்திருந்தேன். இரண்டாம் நாளே அவன் கன்னமும் முழங்கால் மடிப்பும் சிவந்துவிட்டன. "அவ கைல கீறது அப்படியே புள்ளைக்கு வந்துகீது. இனிமே அவள தொட வுடாத" என்று உன் மாமியார் சொன்னது போனில் எனக்கும் கேட்டது. நீ ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் இல்லை அக்கா. கொஞ்சம் கோபம்தான்.

எங்கள் கம்பெனிக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டரிடம் கேட்டேன். மூன்று வாரம் தயங்கி, நான்காவது வாரம் கேட்டேன். என் கையில் இருப்பது எக்சிமா, தோல் வறண்டு அரிக்கிற நோய். அது தொற்றாதாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம், அவ்வளவுதான். நம் அம்மாவுக்கு மூச்சிளைப்பு இருந்ததே, அதுவும் இதுவும் சொந்தக்காரர்கள் மாதிரியாம்.

மதிக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடுகிறார்கள் என்றாய். வேண்டாம், எனக்கு அது காய்ந்து இறுகி இன்னும் அரித்தது. வாசனை சோப்பும் பவுடரும் நிறுத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போதும். இத்துடன் ஓட்ஸ் மாவு அனுப்பியிருக்கிறேன். ஒரு பிடியை வெள்ளைத் துணியில் முடிந்து அந்தத் தண்ணீரில் பிழிந்துவிடு. உடம்பைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவு. முதலில் கையில் ஓரிடத்தில் மட்டும் போட்டுப் பார். நகத்தை ஒட்ட வெட்டு. நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

உன் தங்கை,
பொன்னி


கோவளம்
17.3.2025

அன்புத் தங்கை பொன்னிக்கு,

உன் கடிதத்தில் வஞ்சிரம் வாசனை. மூன்று தடவை படித்தேன். அன்று நான் வாயைத் திறக்காதது தப்புதான். பிள்ளை விடாமல் சொறிந்துகொண்டிருந்தான், எனக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. நீ தூரத்தில் இருந்தாய்.

ஓட்ஸைப் பார்த்து அத்தை, "இன்னாடி இது, கோழிக்குப் போடறதா?" என்றார். குளிப்பாட்ட என்றேன். "தின்றதுல குளிப்பாட்டறாளாம். நாளைக்கு சோத்துல சோப்பு போடுவா" என்று பக்கத்து வீடு வரை கேட்கச் சொன்னார். ஆனால் அன்று மதியம் மதி மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினான். அத்தை இரண்டு முறை வந்து அவன் மூக்கருகில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

நடுவில் ஒன்று நடந்தது. ஆம்பிளைகளுக்குக் காலில் புண் வந்தால் கடல் தண்ணீரில் நின்றே ஆறிவிடுகிறதாம். அதனால் அத்தை அவனைக் கரைக்குத் தூக்கிப்போய் இடுப்புவரை முக்கி எடுத்துவிட்டார். அவன் போட்ட அலறலில் மீன் ஏலம் நின்றுபோனது. மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. இப்போது முகம் தேறிவிட்டது. இடுப்பும் தொடையும்தான் அடங்கவில்லை.

இன்னொரு செய்தி. மே 11 அவனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நமக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. தாய்மாமன் இடத்தில் பொன்னி உட்காரட்டும் என்று நான் சொன்னேன். "அவ மடிலயா? அந்தக் கையோடவா? உங்க பெரியப்பா பையன் குணா உக்காரட்டும்" என்கிறார் அத்தை. மாமா வழக்கம்போல வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா,
மஹாலட்சுமி


தாம்பரம்
24.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

குணா அண்ணனே உட்காரட்டும். எனக்குப் பழக்கம்தான். ஆறாம் வகுப்பில் ஜோதிலட்சுமி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று டீச்சரிடம் சொன்னாளே, அன்றிலிருந்து கையை மடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். டிகிரி வாங்கப் போனபோதும் அப்படித்தான் நின்றேன். போட்டோவில் அடக்கமான பெண் என்கிறார்கள்.

இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். அது பொய் அக்கா. எனக்கு அவனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டின் சார்பில் அங்கே உட்கார என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சரி, அது போகட்டும். முகம் தேறி இடுப்பு தேறவில்லை என்றால், இடுப்பில் மட்டும் ஏதோ படுகிறது. என்ன படுகிறது என்று பார். கம்பெனியில் என் வேலையே அதுதான், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறல் விழுந்தால் மெஷினில் எது உரசுகிறது என்று தேடுவது.

பொன்னி


கோவளம்
19.4.2025

அன்புத் தங்கைக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! கங்கம்மா அக்காவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது, முதலில் தேறட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன்.

மதியின் இடுப்புத் துணிகளை அத்தைதான் துவைப்பார். எங்கே காயப்போடுவார் தெரியுமா? கரையில் குவித்திருக்கும் வலைமேல். வெயிலும் காற்றும் நன்றாகப் படும் என்று இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். இரண்டு வாரம் முன்பு ஒரு துணியை எடுத்து என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. நாக்கில் வைத்தேன், உப்பு. மடிப்பில் பொடிப்பொடியாகச் செதில். அதைத்தான் எட்டு மாதமாகப் பிள்ளைக்குக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துணியை அவர் கன்னத்திலும் வைத்தேன். வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் சத்தம். பார்த்தால் மாமாவை ஏணியில் ஏற்றிக் கொடி கட்ட வைக்கிறார். "இன்னும் மேல கட்றா. புள்ள துணிடா அது, கருவாடா?" இப்போது லாரித் தண்ணீரில் அலசி, வீட்டுக் கொடியில்தான் காய்கிறது. பத்தே நாளில் தொடை தேறிவிட்டது. கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கும் போய்க் காட்டினோம். ஒரு களிம்பு கொடுத்து, குளியலும் எண்ணெயும் விடாதீர்கள் என்றார்கள். தொத்துமா என்று அத்தை டாக்டரம்மாவிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றார்கள்.

மடி விஷயம் நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நீ எப்படியும் வந்துவிடு.

கங்கம்மா அக்கா உனக்குச் சொல்லச் சொன்னது: "போஸ்ட்மேன் வேல குடுத்தீங்க, யூனிபாரம் எங்கடி?"

மஹா


தாம்பரம்
13.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காது குத்துவதைப் பார்க்க மாட்டேன் என்று நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அதனால் உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

நான் ஜரிகை வைத்த முழுக்கை சுடிதார் போட்டு வந்ததைப் பார்த்தாய். ஏன் என்றும் உனக்குத் தெரியும். நான் சுவரோரம் நின்றிருந்தேன். குணா அண்ணன் பலகையில் உட்காரப் போனார். உன் மாமியார், "நீ இன்னாத்துக்குடா குந்தற? எழுந்து போய் பந்தியப் பாரு" என்று அவரை எழுப்பிவிட்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற? வந்து குந்து" என்றார்கள்.

உட்கார்ந்தேன். மதியை மடியில் வைத்தார்கள். அவன் நெளிந்தான். உன் மாமியார் குனிந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"இந்த ஜரிக புள்ளைக்குக் குத்துது பாரு. சுருட்டி வுடு."

நான் கையை மடித்துக்கொண்டேன். சுற்றிலும் ஐம்பது பேர். உன் மாமியாரே சுடிதாரின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டார்கள். என் கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், இந்த வெயிலில் இன்னும் மோசம். யாரோ பின்னால் ஏதோ முணுமுணுத்தார்கள். "அது தொத்தாது. டாக்டரே சொல்லிட்டாங்கோ, உனுக்கு இன்னா?" என்று உன் மாமியார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்கள்.

மதி வெறும் கையில் சாய்ந்துகொண்டான். ஊசி பட்டபோது என் முழங்கை மடிப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். சொரசொரப்பு நன்றாகப் பிடிக்க வசதியாக இருந்திருக்கும். நீ உள்ளிருந்து கேட்ட இரண்டு அழுகையில் ஒன்று என்னுடையது.

உன் பிரியமுள்ள,
பொன்னி