திருவுளச் சீட்டு

சமாலூத், எகிப்து,
1993 மார்ச் 23, பெரிய நோன்பின் ஐந்தாம் வாரம்.

தந்தை, மகன், தூய ஆவியாகிய ஒரே கடவுளின் பெயரால்.

என் அன்புள்ள நாஷித்துக்கு,

இன்சாஃப் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் உங்கள் மருந்தகமும் அந்த ஏரிக்கரை மக்களும் நலமாக இருக்கக் காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடிதம் மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு, அதற்கு வருகிறேன். நம் ஊர் டாக்டர் ரவூஃப் வியாழக்கிழமை நைரோபிக்கு விமானம் ஏறுகிறார். அங்கிருந்து உங்கள் ஊருக்கே நேரில் வருகிறாராம். அதனால் இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று, பின்னால் பத்துப் பேர் கேட்கக் கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இதில் இருப்பது. வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

அம்மாவின் இடுப்பு முன்னைக்குத் தேவலை. கைத்தடியை ஊன்றிக் கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் நடக்கிறார்கள், என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்க. நோன்பை மட்டும் தளர்த்த மாட்டேன் என்கிறார்கள். எலும்பு ஒட்ட வேண்டுமானால் பால் கட்டாயம் என்று டாக்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். அதற்கு, “எழுபத்தாறு வயசுல பால் குடிச்சு நான் என்ன கன்னுக்குட்டியா ஆகப்போறேன்? உயிர்ப்புத் திருநாள் வரட்டும், எருமையையே கொண்டாந்து கட்டு, குடிக்கிறேன்” என்று அனுப்பிவிட்டார்கள். அவித்த மொச்சையும் எள் விழுதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய சிவப்புக் கட்டம் போட்ட துணியைத் தோளைவிட்டு எடுப்பதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் என் மகன் சிங்கம் உலாவுகிற ஊரில் இருக்கிறான் என்கிறார்கள். சிங்கம் இல்லை, கொசுதான் என்று நீங்கள் எழுதியதை நான் படித்துக் காட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் நாலாம் வகுப்பு எனக்கு. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், நாற்பது இருக்கை. மாடியில் புறாக்கள் பெருகிவிட்டன. நோன்பு முடியட்டும் என்று அவற்றைப் பார்த்து எதிர்வீட்டு உம்மு லபீப் இப்போதே நாக்கைச் சப்புக் கொட்டுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன், எனக்கு நானே பலமுறை படித்துக்கொண்டேன். மருந்து வாங்க ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருகிறார்கள், ஜெபத்துக்கு மூன்று பேர், அதிலும் ஒருத்தி மழைக்கு ஒதுங்கியவள் என்று எழுதியிருந்தீர்கள். சிரித்தேன். அதற்கடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருஷம் நாலு மாதத்தில் ஒரு ஞானஸ்நானம்கூட இல்லை, ஜெபிக்க நின்றால் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது, இது என் மனம் மட்டும் சொன்ன வழியாக இருந்தால் எப்போதோ மூட்டை கட்டியிருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ஊழியத்துக்குப் போவதா வேண்டாமா என்று திருவுளம் கேட்டபோது வந்த அந்தச் சீட்டை ஜெபப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டிவைத்திருக்கிறீர்களாம். தளர்ந்துபோகும்போதெல்லாம் அதைத் திறந்து பார்க்கிறீர்களாம். பலிபீடத்திலிருந்து வந்த சொல் பொய்க்காது என்று அதை நம்பித்தான் ஆயர் கேட்டதற்குச் சரி என்று சொல்லப்போகிறீர்களாம். உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்து வரும் தோமா ஞாயிறன்று உங்களுக்குக் குருப்பட்டம். பிறகு ஆயுள் முழுவதும் அந்த ஊர்தான். அதற்கு மனைவியின் சம்மதம் எழுத்தில் வேண்டும், அனுப்பு என்று கேட்டிருந்தீர்கள்.

குருப்பட்டம் ஏறிவிட்டால் இறங்க முடியாது. அதற்கு முன்னால் இதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

சீட்டு எழுதும் வேலையை என்னிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? உங்கள் கையெழுத்தை இன்னொரு மருந்துக்கடைக்காரர்தான் படிக்க முடியும், வானதூதரே குழம்பிப்போவார், நீதான் வாத்தியாரம்மா, நீ எழுது என்றீர்கள். நம் கோயில் குரு அபூனா மக்காரியுஸ் நமக்குச் சொல்லியிருந்தது மூன்று சீட்டு. ஒன்றில் ‘போ’, ஒன்றில் ‘இரு’, ஒன்றில் எதுவும் இல்லை. வெற்றுச் சீட்டு வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும் என்று பொருள். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

நாஷித், மூன்றிலும் ‘போ’ என்றுதான் எழுதினேன்.

நன்றாக மடித்து, மூன்றும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து, நீங்கள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது உங்கள் கையில் கொடுத்தேன். மூன்று திருப்பலிக்கு அவை பலிபீடத்தின்மேல் இருந்தன. மூன்று நாளும் நான் பெண்கள் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அபூனா கண்ணை மூடி ஒன்றை எடுத்து உங்களிடம் நீட்டினார். மற்ற இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுவாரோ என்று தூணை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடவுள் எடுக்காததை நாம் படிக்க வேண்டாம் என்று சொல்லித் தூபக் கலசத்தின் கரியில் போட்டார். அவை கருகி முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அழுதுகொண்டே வந்து என் தலையில் முத்தமிட்டீர்கள். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உங்களை அனுப்பிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதினேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அளவுக்கு நான் புனிதையும் இல்லை, கல்நெஞ்சக்காரியும் இல்லை. நீங்கள் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது.

ஆனால் அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒன்றையே கேட்டவள் நான். ஆற்றைக் கடந்து, நூற்றுக்கு மேல் படியேறி, கன்னிமரியின் மடத்துக்கு எத்தனை முறை போயிருப்போம்? ஆகஸ்ட் நோன்பு முழுவதும் ரொட்டியும் உப்புமாக இருந்த வருஷங்களை நீங்கள் அறிவீர்கள். இரண்டு பேரிடமும் குறை இல்லை என்று கெய்ரோ டாக்டர் சொன்னபோது நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். என்னால் முடியவில்லை. குறை என்று ஒன்று இருந்தால் அதைக் காரணம் காட்டலாம். இல்லையென்றால், கடவுள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார் என்றுதானே ஆகிறது? பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கொடுத்தார், எதிர்வீட்டுக்காரிக்கு ஆறு கொடுத்தார். எனக்கு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த மேசையில் ‘இரு’ என்று எழுதப் பேனாவை எடுத்தபோது எனக்குத் தெரிந்துபோயிற்று. இதையும் கேட்டு, இதுவும் கிடைக்காமல் போனால், அதற்குப் பிறகு நான் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன். அவர் வாயால் ‘இல்லை’ என்று கேட்க என்னால் முடியவில்லை. அதனால் அவர் சொல்லும் முன்னால் நானே சொல்லிக்கொண்டேன். மூன்று முறை எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்த வாரமே அபூனாவிடம் போய் இதைப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் என்னிடம் வந்து பாவம் சொன்னாயே, இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று கேட்டார். என் கணவர் பெட்டிக்குள் வைத்து அவரோடேயே அனுப்பிவிட்டேன் அபூனா என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: “கடவுள் பதில் சொல்றதுக்கு நீ இடமே குடுக்கலையேம்மா. கதவைத் தட்டிட்டு ஓடிப்போற பிள்ளைங்க மாதிரி.”

கடவுள் என் கையை வைத்தே எழுதியிருக்கலாம் அல்லவா, எப்படியும் ‘போ’ என்றுதானே வந்திருக்கும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் கோபம் வந்தது. அதை நீ சொல்லக் கூடாது, சொல்ல வேண்டியவன் நாஷித், அவனுக்கு எழுது, கடிதம் உன் கையைவிட்டுப் போகும்வரை உனக்கு நற்கருணை இல்லை என்றார். எழுந்து கதவு வரைக்கும் வந்தவர் நின்று, இன்னொன்றும் சொன்னார். மற்ற இரண்டையும் தாம் பிரித்துப் பார்த்திருக்க வேண்டுமாம். நீங்கள் போக வேண்டும் என்று தமக்கு அவ்வளவு ஆசையாம். அதனால்தான் அவசரமாகக் கரியில் போட்டாராம். அவருடைய பங்கையும் உங்களுக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

மூன்று ஞாயிறாக எல்லாரும் நற்கருணைக்குப் போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். உம்மு லபீப் விடுவாளா? நற்கருணைக்கு வெறும் வயிறாக அல்லவா வர வேண்டும், வருகிற வழியில் மொச்சை தின்றுவிட்டாயா என்று நாலு பேர் கேட்கக் கேட்டாள். ஆமாம், ஒரு தட்டு நிறைய என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மூன்று வாரத்தில் இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். கடைசியாகக் கிழித்ததில், அம்மா மிகவும் தளர்ந்துவிட்டார்கள், உங்களைப் பார்க்கத் துடிக்கிறார்கள், இதை மனதில் வைத்து முடிவெடுங்கள் என்று எழுதியிருந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நேற்றுக் காலை என் கையிலிருந்த தாளைக் கைத்தடியால் தட்டி, அதில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்கள். பொய் சொல்ல வரவில்லை, படித்துக் காட்டினேன்.

“நான் நல்லாதான் இருக்கேன்னு எழுது” என்றார்கள். “அவன் போறப்பவே உன்னையும் கூடப் போகச் சொன்னேன், என்னைக் காரணம் காட்டி நின்னுட்டே. இப்ப என்னைக் காரணம் காட்டி அவனைக் கூப்பிடறே. உனக்கு அவன் வேணும்னா நீ கேளு இன்சாஃப். என் இடுப்புக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதே.”

பிறகு, குடித்து முடித்த தேநீர்க் குவளையை நீட்டி, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டு இன்னொன்று கொண்டு வா என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

ஆகவே இப்போது என் பெயரில் எழுதுகிறேன்.

ஆயருக்கான சம்மதத்தை வேறு உறையில் போட்டு ஒட்டி இதனுடன் வைத்திருக்கிறேன். யாரும் நெருக்கி வாங்கியது இல்லை, முழு மனதோடு கையெழுத்திட்டது. நீங்கள் குருவானால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் அங்கே வருகிறேன். அம்மாவும் விமானம் ஏறத் தயார் என்கிறார்கள், ஜன்னல் பக்கம் இடம் வேண்டுமாம். அந்த உறையை ஆயரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். அந்தச் சீட்டைத் தயவுசெய்து அட்டையிலிருந்து பிரித்து எடுத்துவிடுங்கள். அது பலிபீடத்தின் சொல் இல்லை, என் பயம். அதன்மேல் உங்கள் ஆயுளை வைக்காதீர்கள். அது இல்லாமலும் அங்கே நிற்க உங்கள் மனம் சொன்னால், நில்லுங்கள். அப்போது அதைக் கடவுளின் சொல் என்று நான் நம்புவேன்.

என் ஆசை என்னவென்றும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். உங்களோடு வாழ்ந்த பதினைந்து வருஷத்தில் இதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்துவிடுங்கள் நாஷித். எனக்கு நீங்கள் வேண்டும். பிள்ளை இல்லாத இந்த வீட்டில் நீங்களாவது வேண்டும்.

இன்று காலை கோயிலுக்கு யாரும் வருவதற்கு முன்னால் போய்க் கடவுளிடமும் இதையே கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். கேட்டுவிட்டு ஓடி வரவில்லை, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றேன். அவர் இல்லை என்று சொல்வதானால் சொல்லட்டும். இந்த முறை சொல்ல விட்டிருக்கிறேன்.

என்னை மன்னியுங்கள். உங்கள் வாயிலிருந்து எது வந்தாலும் அதன்மேல் அவருடைய கை இருக்கட்டும். உங்களைக் காத்து நடத்தட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் இன்சாஃப்