கடிதத்தில் இல்லாத வரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. 'அன்புள்ள' என்பதைக் கைப்பழக்கத்தில் போட்டுவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். நீ நலமாக இருப்பது நீ அனுப்பிய புகைப்படத்திலேயே தெரிகிறது. வெள்ளை உடை எடுப்பாக இருக்கிறது. கன்னமும் உப்பியிருக்கிறது. மனசு உறுத்துகிறவர்களுக்கு இப்படிச் சதை போடாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கம். பிரார்த்தனைக் கூடத்தில் மைக் பிடித்துப் பழகியவன், தாளிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். 'மன்னிப்பு' என்ற சொல் இருபத்தோரு இடத்தில் வருகிறது. ஆயத்த ஆடை ஆலையில் நாள் முழுக்கத் தையல் பிசகு எண்ணுகிறவள் நான், எண்ணாமல் இருக்க முடியவில்லை. எதற்காக மன்னிப்பு என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. 'நடந்தவற்றுக்காக' என்கிறாய். மழை பெய்ததைச் சொல்வது போல.

மூன்றாம் பக்கத்தில் நீ என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்க உன்னைக் கொலைகாரன் என்று கத்தினேனே, அதற்காக. பெரிய மனசு உனக்கு. வாங்கி எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. வீடு சின்னது.

சின்ன வயதில் உனக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, காற்றுதான் உடைத்தது என்று அரைமணி நேரம் வாதாடி, கடைசியில் அப்பாவையே காற்றைத் திட்ட வைத்தவன் நீ. அந்த வாயை வைத்துத்தான் அம்மாவின் மாத்திரையையும் சர்க்கரைக்குப் போடும் ஊசியையும் நிறுத்தினாய். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிறவள் இல்லை. அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தியவள். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால் அன்றைக்கு முழுக்க முணுமுணுப்பாள். அப்படிப்பட்டவள் உன்னிடம் மட்டும் ஒரு பிழையும் பார்க்கவில்லை. கடவுளைவிட உன்னைத்தான் நம்பினாள்.

செருப்பு வார் கடித்த புண். அவ்வளவுதான் அது. பத்தொன்பது நாள் அதன் மேல் எண்ணெய் தடவிப் பிரார்த்தனை செய்தாய். மருந்துக்கடைக்காரர் வீடு தேடி வந்து ஊசியை நிறுத்தக்கூடாது என்று சொன்னபோது, நம்பிக்கை இல்லாதவர்கள் வாசல்படி ஏறக்கூடாது என்று அனுப்பிவிட்டாய். இருபதாம் நாள் அம்மாவுக்கு நினைவு தப்பியது. ஆலை இருக்கும் ஊரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாகிவிட்டது.

இதையெல்லாம்கூட ஒரு முட்டாளின் வேலை என்று ஒதுக்கிவிடலாம். முட்டாள்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. காலை எடுத்த மூன்றாம் நாள் கட்டிலருகே நின்று அவளிடம் ஒன்று சொன்னாயே, அதைத்தான் என்னால் ஒதுக்க முடியவில்லை. நான் வெந்நீரோடு உள்ளே வந்துகொண்டிருந்தேன், காதில் விழுந்தது. "உன் நம்பிக்கை பத்தலம்மா" என்றாய். அந்த வாரமே உன் கூட்டத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டாய். அதற்கு உனக்கு இரண்டு காலும் இருந்தது.

அன்றிலிருந்து மூன்று வருடமாக அம்மா கும்பிடவில்லை. கோபத்தினால் இல்லை. தனக்குத் தகுதியில்லை என்று. திடீரென்று என்னைக் கூப்பிட்டு, ஏழாம் நாள் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேனே, அன்றைக்குத்தான் பிரார்த்தனை கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்பாள். தன் மனசைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எங்கே பிழை என்று தேடிக்கொண்டே இருக்கிறாள். என்னோடு கூட்டி வந்து செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தேன். அது அலமாரிக்குப் பக்கத்தில் குடையோடு குடையாக நின்றது. தண்டனையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

கண்ணும் மங்கிவிட்டது. அதனால் உன் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். என்னை மன்னித்த பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றாள். அதைக் கேட்ட குரலை நீ கேட்டிருக்க வேண்டும். அந்தப் புண்ணியமும் எனக்குத்தான் கிடைத்தது.

இல்லையம்மா, அடியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றேன். வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். "அம்மா, குறை உன் நம்பிக்கையில் இல்லை. தப்பு என்னுடையது."

எந்த வரி, காட்டு என்று விரலை நீட்டினாள். உங்கள் கூடத்துக்குப் புதிதாக இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருப்பதாகப் பெருமையடித்திருக்கிறாயே, அந்த வரியின் மேல் அவள் விரலை வைத்தேன். தடவித் தடவிப் பார்த்தாள்.

"அவன் இவ்வளவு சுருக்கமா எழுத மாட்டானே" என்றாள்.

தாள் தீர்ந்திருக்கும் என்றேன். சரி என்று சொல்லி, கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். நம்பினாளா, நம்புவதாக முடிவு செய்தாளா, தெரியாது.

மறுநாள் விடிந்ததும் அந்தச் செயற்கைக் காலை எடுத்து வா, வாரைக் கட்டிவிடு என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. கும்பிட்டாளோ, அடி எண்ணினாளோ. நான் கேட்கவில்லை. இதை அற்புதம் என்று உங்கள் கூடத்தில் அறிவித்துவிடாதே. இது நான் சொன்ன பொய். உன் இருபத்தோரு மன்னிப்பு செய்யாததை அது செய்திருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று தடவை வாசிக்கச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் சொல் மாறாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பிழை திருத்தியவளின் காதை ஏமாற்றுவது எத்தனை நாளைக்கு முடியும்? ஆகவே அந்த வரியை நீ எழுது. தனித் தாளில், உன் கையெழுத்தில், பெரிய எழுத்தாக. வெளிச்சத்தில் கிட்டே வைத்தால் பெரிய எழுத்து அவளுக்குத் தெரியும். முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காதே. கடவுள் சித்தம் என்று தொடங்கினாயானால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

உன்னைத் திட்டும்போது என் சத்தம் தேவைக்கு மேலே ஏறுவது எனக்கே கேட்கிறது. காரணமும் தெரியும். நீ எண்ணெய் தடவிய பதினோராம் நாள் அம்மாவோடு போனில் பேசினேன். அவளுக்கு நாக்குக் குழறியது. புண் ஆறிவருகிறது என்றாள். அந்த வாரம் ஆலையில் எனக்கு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல். பேருந்தில் ஆறு மணி நேரப் பயணம், போய்வர இரண்டு நாள். அதனால் நம்பினேன். உன் நம்பிக்கையைக் கேலி செய்கிறேனே, என்னுடையது அதைவிட மட்டமானது. வேலையும் கிடைத்தது. அன்றைக்கே ஏன் வரவில்லை என்று அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் தாள் வந்ததும் அதை அவளிடம் கொடுத்துவிட்டு, இதையும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். தனியாகச் சொல்ல வாய் வரவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். என் பங்குக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. தாமதிக்காமல் எழுது தம்பி.

இப்படிக்கு,
அக்கா