பச்சை விளக்குக்கு இருபது வினாடி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டுத்தான் இத்தனை வருஷமும் மற்ற கதையை ஆரம்பித்திருக்கிறேன், இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். பதறாதே. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி. இந்தக் கடிதம் வந்த கவரைத் தூக்கிப் போட்டிருந்தால் முதலில் அதைத் தேடி எடுத்து மேஜைமேல் வை, உங்கள் ஊரில் குப்பைக்கே நாலு தொட்டி என்று எழுதியிருந்தாய், எந்தத் தொட்டியில் போட்டாயோ தெரியவில்லை.

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. போனில் பார்த்தால் எழுத்து கடுகு கடுகாகத் தெரிகிறது என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்சடித்து வாங்கினோம், பதினோரு பக்கம். கடைப் பெண், என்னம்மா இந்த வயசுல பரீட்சை எழுதுறீங்களா என்று கேட்டாள். ஆமாம்மா, மக வீட்டுக்குப் போறதுக்கு நுழைவுத் தேர்வு என்றேன். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், பஸ்ஸில் ஏறியதும் சீட்டை மிஷினில் காட்டாமல் உட்காரக் கூடாது, அடுத்த வீட்டுக் குழந்தையைக் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்ஸி போடக் கூடாது, படித்துக்கொண்டே வந்தவள், சரி மூச்சாவது விடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கோ ஒரே குஷி. மூன்றாம் பக்கத்தில் காரணம் இல்லாமல் ஹாரன் அடித்தால் அபராதம் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டார். முப்பத்தோரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தின மனுஷன் வேறு எதற்குச் சந்தோஷப்படுவார். நான் கத்துனத ஒருத்தனும் கேக்கல, அங்க ஒரு ஊரே கேட்டிருக்கு பாரு என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று வந்தார். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு முக்கியமானதற்கெல்லாம் அடிக்கோடு போட உட்கார்ந்தார். கோடு போட ஸ்கேல் கேட்டார். நானும் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேல் எதற்கு என்று நீ கேட்கவேண்டிய இடம் இதுதான் பாப்பா, ஆனால் இன்னும் ஒரு பத்தி பொறுத்துக்கொள்.

பார்சல் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே என் வாய் தேய்ந்தது உனக்குத் தெரியும். எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் எல்லோரும் துணிமணி என்றுதான் சீட்டில் எழுதுவார்கள். துணிமணி என்று எழுதிய கூடைக்குள்ளிருந்து சேவல் கூவிய கதையை நீ சின்ன வயசில் தினம் சொல்லச் சொல்லிக் கேட்பாய். அப்படிப்பட்ட நான் போன வாரம் என்ன செய்தேன் தெரியுமா. உன் கண்ணில் படக் கூடாது என்று மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, இருநூற்றுச் சொச்சம் மாத்திரைகளை ஒரு காலி வைட்டமின் டப்பாவில் போட்டு மூடி, பெட்டிக்குள் அப்பாவின் ஸ்வெட்டருக்கு நடுவில் வைத்தேன். யோசனை அப்பாவுடையது, கைவேலை என்னுடையது. மறுநாள்தான் உன் பட்டியலில் ஏழாம் பக்கத்துக்கு வந்தோம். மருந்து எதுவானாலும் அதன் அட்டையோடுதான் வர வேண்டும், வேறு டப்பாவில் இருந்தால் பறிமுதல், என்ன நோய்க்கு என்று டாக்டர் கைப்பட எழுதிய கடிதம் வேண்டும், சில மருந்துகளுக்கு ஊரின் சுகாதார ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்கு விருந்தாளியைக் கூப்பிடும் வீட்டார்தான் இருபத்தோரு நாளுக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், டாக்டர் கடிதத்தின் அசலையும் சேர்த்து. கீழே அந்த மருந்துகளின் பெயர் வரிசை. ஆறாவது பெயர் நம்முடையது. அப்பா அடிக்கோடு போடவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், பிடித்தது நீதான், ஆனால் உனக்கே அது தெரியாது.

அப்பாவுக்கு நடுக்குவாதம். டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. உயிருக்கு ஆபத்து என்று ஏதும் இல்லை, முதலில் அதை மனசில் போட்டுக்கொள். வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்கும்போது எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும், சட்டைப் பித்தான் போட நேரமாகும், நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கும். வீடியோவில் பேசும்போதெல்லாம் அப்பா ஏன் பேப்பரை மடியில் விரித்தே வைத்திருக்கிறார் என்று நீ கேலி செய்தாயே, கை அதற்கு அடியில் இருந்தது. காரை விற்றது பழசாகிவிட்டது என்பதற்காக இல்லை. ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டு போகும்போது குறுக்கே ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. இவர் பக்கத்திலிருக்கும் இரண்டாவது பிரேக்கை இவர் மிதிப்பதற்குள் அந்தப் பெண்ணே மிதித்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, அவள்கூட, சார் இன்னைக்கு நானே பிரேக் போட்டேன் என்று சந்தோஷமாகத்தான் சொன்னாளாம். அப்பா வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கீழே இறங்கி, கூரைமேல் இருந்த போர்டைத் தானே கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தார். அந்த போர்டு நம் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கோபப்படுவாய், கோபப்படு, நியாயம்தான். புது வேலையில் சேர்ந்திருக்கிறாள், பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று பயந்தோம் என்று சொன்னால் எங்களுக்கு நல்ல பேர் கிடைக்கும். உண்மை அது இல்லை. நீ அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கு, உனக்குத் தெரியாத வரைக்கும் அது பாதிதான் நிஜம் என்று ஒரு நினைப்பு. உன்னோடு பேசுகிற அந்த அரைமணி நேரத்தில் நம் வீட்டில் நோயே கிடையாது, அந்த அரைமணியை விட எனக்கு மனசு வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏழாம் பக்கம் படித்த அன்றைக்கு அப்பா, அப்ப நான் வரல, நீ மட்டும் போயிட்டு வா என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருந்து விஷயம்தான் காரணம் என்று நானும் நினைத்தேன். அப்புறம் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினால் ஒரே இடத்தில் மூன்று அடிக்கோடு. உங்கள் வீட்டு வாசல் ரோட்டு சிக்னலில் பச்சை மனிதன் இருபது வினாடிதான் எரிவான், அதற்குள் பதினாலு மீட்டரைக் கடந்துவிட வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது, சிவப்பில் கால் வைத்தால் யாராக இருந்தாலும் அபராதம் என்று எங்களைச் சிரிக்க வைக்க எழுதியிருந்தாய். அப்பா எனக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறார். துணி காயப் போடப் போனபோது கோட்டைப் பார்த்துக் கேட்டேன், முப்பத்தொண்ணு என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது பாப்பா. எத்தனை பேருக்கு ரோட்டில் போகக் கற்றுக்கொடுத்த மனுஷன், ஒரு ரோட்டைக் கடக்க முடியாது என்று மகள் வீட்டுக்கு வர மறுக்கிறார். நீ அனுப்பிய பதினோரு பக்கத்தையும் மறுபடி ஒரு வரி விடாமல் படித்தேன், மெதுவாக நடப்பவர்களுக்கு என்ன சட்டம் என்று எங்கேயும் இல்லை.

நான் எதையும் லேசில் விடமாட்டேன் என்று தெரியுமல்லவா. மறுநாள் காலையில் மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். நீ அனுப்பிய படத்தில் ரோட்டில் பட்டை பட்டையாக ஜீப்ரா கோடு இருக்கிறதே, அதைப் போலவே இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை குறுக்கே வரிவரியாகப் போட்டேன். எனக்கு ஒரு கணக்கும் கிடையாது, அசலைப் போலவே இருக்கட்டும் என்று போட்டதுதான், முட்டி இரண்டும் போயிற்று, பாதியில் சாக்பீஸ் தீர்ந்து கரித்துண்டால் முடித்தேன். அவருக்கு எப்போதும் முதல் அடி எடுக்கத்தான் சிரமம், கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். அன்றைக்கு அந்த வரியைப் பார்த்ததும் கால் தானாகத் தூக்கித் தாண்டியது. ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி, குழந்தை பாண்டி ஆடுகிற மாதிரி போனார். பத்தொன்பது வினாடி. நம்பாமல் திரும்ப நடக்கச் சொன்னேன், பதினெட்டு. டாக்டரிடம் ஓடிப் போய்க் கேட்டதற்கு, ஆமாம்மா, பலருக்குத் தரையில் கோடு இருந்தா கால் சொன்ன பேச்சு கேக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார், இதை முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். உங்கள் ஊர்ச் சட்டம் கோட்டில்தான் நடக்க வேண்டும் என்கிறது, அப்பாவாலும் கோட்டில்தான் நன்றாக நடக்க முடிகிறது. எனக்குன்னே போட்ட ஊருடி அது என்று அன்றைக்கு மத்தியானம்தான் வாய் திறந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சரி, அவளுக்கு எழுதிடு என்றார்.

ஆகையால் இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். டாக்டர் கடிதத்தின் அசல் இதோடு இருக்கிறது, நகல் எடுத்து வைத்துக்கொண்டு நாளைக்கே சுகாதார ஆபீசில் கொடு, பயணத்துக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது, இருபத்தோரு நாள் என்றால் அவர்கள் ஆபீசிலும் முப்பதாக்குவார்கள், நானும் ஆபீசில் இருந்தவள். டப்பாவில் பிதுக்கிக் கொட்டியதை இங்கேயே தின்று தீர்க்கச் சொல்லிவிட்டேன், புது அட்டைகளை அட்டையோடு கொண்டுவருகிறோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வைக்காதே, ஏற மாட்டார், சாமான் தள்ளுகிற வண்டியை அவர் கையில் கொடுத்தால் ஜோராக நடப்பார். வெளியே வந்து உன்னைப் பார்த்ததும் அப்பா சிரிக்கவில்லையே என்று நினைத்துவிடாதே, இப்போதெல்லாம் சிரிப்பு முகத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகிறது, உள்ளே வந்திருக்கும், நீ காத்திரு. அவர் கேட்காமல் பித்தான் போட்டுவிடப் போகாதே. மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல், அவர் நல்லவர், ஆனால் நல்லவர்கள்தான் அளவுக்கு மீறி நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

பத்தாம் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு, வெளிநாட்டு ஓட்டுநர் அனுமதியை அப்பா கட்டாயம் வாங்கி வரவும், கடற்கரை ரோட்டில் அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதை நாலு தடவை படித்தார். அது இனி இல்லை கண்ணு, உன் ஆசையைக் கெடுப்பதற்கு மன்னித்துக்கொள். நீ ஓட்டு. அப்பா வாழ்க்கை முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்தான். உங்கள் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கமாம், அப்படியானால் அவர் உட்காரப்போவது வலது பக்கம், நம்மூரு டிரைவர் சீட்டுல உக்காந்துக்கிட்டு ஓட்டாம வரப்போறேன், இதுவும் ஒரு யோகம்தான் என்கிறார். வளைவில் அவர் கால் தரையை மிதிக்கும், அங்கே பிரேக் இல்லை என்று அவருக்கும் தெரியும். நீ கண்டுகொள்ளாதே, கொஞ்சம் வேகத்தைக் குறை.

இப்போது தள்ளி வைத்த வரியை எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். பொய் சொல்லாமல் எழுதுகிறபோது இந்த வரி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் டப்பா மாற்றி மறைக்காமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

மறக்கக் கூடாத ஒன்று, அந்தக் கவர். உனக்குப் போகிற கவரில் விலாசம் எழுதுவது எப்போதும் அப்பாதான், எல்-போர்டு எழுத்து மாதிரி பெரிது பெரிதாக. ஒன்றரை வருஷமாக அதை நான் எழுதினேன், அப்பாவுக்குச் சோம்பேறித்தனம் என்று நீ திட்டினாய். இந்தக் கவரில் அவரே எழுதினார். மூன்று கவர் வீணாகிவிட்டது, இது நாலாவது. உன் பெயர் ஓரளவு பெரிதாக இருக்கும், போகப் போகச் சின்னதாகி உங்கள் ஊர்ப் பெயர் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். நான் எழுதிடட்டுமா என்று கேட்டதற்கு, போய்ச் சேந்தா சேரட்டும் என்று சொல்லிவிட்டார். நீ இதைப் படிக்கிறாய் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, இத்தனை தூரத்தில் முன்பின் தெரியாத ஒரு தபால்காரரால் அப்பாவின் கையெழுத்தைப் படிக்க முடிந்திருக்கிறது. போன் செய்ததும் அழாமல், வேறு எதையும் கேட்காமல், முதலில் அதை அவரிடம் சொல்.

இப்படிக்கு, உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதிய
உன் அம்மா