ஆறு மேசையையும் விட்டு எழும்பியவனுக்கு

மாசி,
ஓக்லாந்து.

அன்பு மகன் தனோஜனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மால்டாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டபடிதான் என் பொழுது விடிகிறது. வாட்ஸப்பில் நெடுகக் கதைக்கிறோமே, இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து இருந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்பார், ஆனால் அவர் ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். இது அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்லவேண்டிய விசயம், அதனால் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். தூள் இந்தமுறை உறைப்புக் கூட, பார்த்துப் போடு. பாட்டனி டவுன்ஸில் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். பேரன் அகிலுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, தமிழில் கேட்டால் இங்கிலிசில்தான் பதில், வடையை மட்டும் வடை என்றே கேட்கிறான். எனக்கு நியூ லின் கடையில் காலை வேலைதான் இப்போதும், கால்நோவு பரவாயில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீ பாங்க் வேலையை விட்டுவிட்டு கொம்பியூட்டரில் காசுக்குப் போக்கர் சீட்டு விளையாடுவதைத் தொழிலாக எடுத்த நாளிலிருந்து அப்பா உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. யாரும் கேட்டால் மகனுக்குக் கொம்பியூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவார். எனக்கும் பயம்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பொங்கலுக்கு வந்து நின்றபோது என்னைப் பக்கத்தில் இருத்தி, திரையில் நீ ஒரே நேரம் விளையாடும் ஆறு மேசையையும் காட்டினாய். ஒவ்வொன்றிலும் உன் முறை என்று மணி அடிக்க அடிக்க நீ பெரும்பாலும் வந்த சீட்டை எறிந்துகொண்டே இருந்தாய். இதென்னடா, விளையாட வந்துவிட்டு எல்லாவற்றையும் எறிகிறாயே என்று கேட்டேன். "அதுதான் அம்மா வேலையே. ஒரு மேசையில மட்டும் இருந்தா நல்ல காட் வரும்வரைக்கும் பொறுமை இருக்காது, சும்மா ஒண்டில போய்க் கைவைப்பம். ஆறு எண்டா எங்கையாவது ஒண்டில நல்லது வரும், மற்றதை எறிஞ்சுபோட்டு இருக்கலாம்" என்றாய். எட்டு மேசை திறந்து பார்த்ததாகவும், எதிரில் இருப்பவர்களைக் கவனிக்க முடியாமல் எல்லாவற்றிலும் தோற்றதாகவும், ஆறுதான் உன் அளவு என்றும் சொன்னாய். தோற்கிற நாள் இல்லையோ என்று கேட்டதற்கு, நிறைய இருக்கு, வருசத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் லாபம் தெரியும் என்று மறைக்காமல் சொன்னாய். தன் அளவு தெரிந்த பிள்ளை என்று அன்றைக்கே என் மனம் ஆறிவிட்டது. அப்பாவின் மனம்தான் ஆறவில்லை.

நீ திரும்பிப் போவதற்குக் கொஞ்சம் முன்னர் ஒரு காலை, நான் வேலையில் நின்ற நேரம், அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி இறங்கியதே. எனக்கு நீ சொன்னது இவ்வளவுதான்: "சீனி இறங்கிட்டுது, ஜூஸ் குடுத்தனான், இப்ப ஓகே." அவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கதையும் போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் எனக்குத் தெரியவந்தது. பூசை முடிந்து ஹோலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவோடு பஸ் ஓட்டிய குணரத்தினம் அண்ணை வந்து, தம்பி இப்ப என்ன செய்யிறான் என்று கேட்டார். வழக்கமான பதில் வரும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, "அவன் போக்கர் விளையாடுறான். ஒரே நேரத்தில ஆறு மேசை" என்றார். குணரத்தினம் அண்ணை சிரித்துவிட்டார். "அப்ப சூதெண்டு சொல்லுங்கோவன் செல்வரத்தினம்" என்றார். 

அப்பா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அண்டைக்குக் கதிரையில இருக்கேக்க சீனி இறங்கிட்டுது. கூப்பிட வாய் வரேல்ல. தேத்தண்ணிக் கப் கையால நழுவிக் கார்பெட்டில விழுந்தது, சத்தமும் இல்லை. அவன் காதில ஹெட்போன், முதுகு என்ர பக்கம். ஏன் திரும்பினானோ தெரியாது, திரும்பினான். ஓடி வந்து என்ர தலையைத் தன்ர நெஞ்சில சாய்ச்சுக்கொண்டு ஜூஸைப் பருக்கினான். வாயைத் திறவுங்கோ அப்பா, என்னைப் பாருங்கோ அப்பா எண்டுகொண்டே இருந்தான். அவனுக்குப் பின்னால மேசை மேசையா மணி அடிக்குது, ஒவ்வொண்டா நேரம் முடிஞ்சு அவன்ர காட் போகுது. நான் பார்த்துக்கொண்டுதான் கிடந்தனான். அவன் ஒருக்காலும் திரும்பிப் பார்க்கேல்ல. சூதாடுறவங்களை நானும் கண்டிருக்கிறன் அண்ணை, வீடு எரிஞ்சாலும் எழும்பமாட்டாங்கள். என்ர பிள்ளை எழும்பினவன்" என்றார். குணரத்தினம் அண்ணை போய் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் வாங்கிக்கொண்டு வந்தார். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறைப்பு என்று சொல்லிவிட்டேன்.

நீ எதைக் கேட்டுத் திரும்பினாய் என்று எனக்கும் தெரியாது ராசா. திரும்பினாய், அது போதும்.

வரும்போது காரில் அப்பா என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். எந்த மேசையில் நேரம் முடியப்போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும், இரண்டு மேசையில் ஒரே நேரம் நல்ல காட் வந்தால் எதை முதலில் பார்ப்பான், ஒன்றில் தோற்ற கோபம் மற்றதற்குத் தொற்றாதோ என்றெல்லாம். எனக்கென்ன தெரியும், உங்கட மகனிட்டக் கேளுங்கோவன் என்றேன். லைட்டில் காரை நிறுத்தினார். பிறகு, "போன் எடுக்கலாம், ஆனா அவன்ர வேலை நேரத்தில குழப்பக்கூடாது" என்றார். வேலை என்று அவர் வாயால் சொன்னது இதுதான் முதல்தடவை.

தம்பி, இருந்தபடியே இருக்காதே, இடையில் எழுந்து நட. கண்ணுக்கு மருந்து விடு. தோற்ற நாளில் சாப்பிடாமல் படுக்காதே, அன்றைக்குத்தான் சோறு வேண்டும். வென்ற நாளில் அளவை மறந்து புது மேசை திறக்காதே. உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் துணை நிற்பார், நீ நீடூழி நன்றாக இருப்பாய்.

மறக்காமல் ஒன்று செய். இது கைக்குக் கிடைத்து வருகிற ஞாயிறு, உன் காலை, எங்கள் பின்னேரம், அப்பாவின் போனுக்கே எடு, என் போனுக்கு வேண்டாம். அம்மாட்டக் குடுக்கிறன் என்று அவசரப்படுவார், விடாதே, ஆறு மேசைக் கதையை நீயாகவே தொடங்கு. டெயரிக் கடையில் பால் வாங்கிவருகிறேன் என்று சொல்லி நான் வெளிக்கிட்டுவிடுவேன். ஆறுதலாக, நேரம் எடுத்துத்தான் திரும்பி வருவேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
அன்னபாக்கியம்