ஐஸுக்கு நீட்டிய கை

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளையின் கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்களாமே. எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவேன்? "ஒரு நிமிஷம் முன்னாடியே சுட்டிருக்கலாம்லண்ணா" என்று போனில் அழுதாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்த வருட வெயிலில் மிருகக்காட்சிசாலைக் குளம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மான்கள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்து செத்தன. நான் பராமரிக்கும் கரடியையாவது காப்பாற்றலாம் என்று, விசிலடித்தால் கம்பிக்கு வெளியே கை நீட்டி ஐஸ் வாங்கிக்கொள்ளப் பழக்கியிருந்தேன். உனக்குத் தெரியுமே.

மாப்பிள்ளை அதை வீடியோ எடுக்க வந்தார். விசிலடித்து ஐஸைக் காட்டுவார். அது கை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்.

"வெறுப்பேத்தாதீங்க மாப்ள."

"ஏன், உங்க புள்ளைக்குக் கோவம் வருதா?"

கூட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கல்லெறிந்தார்கள். ஒரு கல் அதன் கண்ணைக் கிழித்தது. மறுநொடி மாப்பிள்ளையின் கை கம்பிக்குள்ளே, அதன் வாயில் இருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தத்தை நீ கேட்காதது நல்லது. அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆபீஸுக்கு ஓடி, அவசரத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியோடு திரும்பி வந்தேன். குறுக்கே மாப்பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தார். சுட்டால் அவர் மேல்தான் பாயும். வேறு வழி தெரியாமல் விசிலடித்தேன்.

உடனே அவரை விட்டுவிட்டது, தங்கச்சி. வாயெல்லாம் ரத்தம், ஒரு கண் இல்லை. தள்ளாடிக்கொண்டு என் பக்கம் வந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டியது.

"சுடுய்யா" என்று பின்னாலிருந்து அதிகாரி கத்தினார்.

என் கையில் ஐஸ் இல்லை.

உன் அண்ணன்