முன்னால் போய்ப் பார்க்க வேண்டாம், நைனா

மகளிர் விடுதி, கோயமுத்தூர்
20.11.1994

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? என் இருமல் போய்விட்டது. அதனால் மிளகுப் பொடி இனிமேல் அனுப்ப வேண்டாம். இருக்கிற டப்பாவைத் திறந்தாலே அறைத் தோழிகள் எழுந்து வெளியே போகிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் விலங்கியல் வகுப்பிலிருந்து பதினாலு பேர், அதில் ஆறு பெண்கள், டிசம்பர் கடைசியில் மூன்று நாள் ஆனைமலைக் காட்டில் முகாம் போடப் போகிறோம். சத்தியமங்கலம் பக்கம் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். பொள்ளாச்சி தாண்டி மலைமேல் வெள்ளைப்பாறை என்று ஒரு இடம். அங்கே வனத்துறையின் பழைய பங்களா இருக்கிறது. பெண்கள் அதில் தங்குவோம், பையன்கள் வெளியே கூடாரத்தில். விடிகாலைப் பனியில் பறவைகளையும் விலங்குகளின் தடங்களையும் குறித்துக்கொள்வதுதான் வேலை.

ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. டேராடூனில் காட்டுயிர் பற்றி இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது என்று சொன்னேனே, அதற்கு எங்கள் துறைத் தலைவர் சாராள் மேடம் சிபாரிசு எழுத வேண்டும். "இந்த முகாமை நீயே நடத்திக் காட்டு. யார் கையையும் பிடிக்காம நடத்துனா எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் படிப்பு வேண்டும் நைனா. வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். முன்னால் போய்ப் பார்க்க வேண்டாம். ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன் பள்ளிக்கூடக் கிணற்றை எட்டிப் பார்த்தீர்கள். இங்கே சேர்க்கும் முன் காந்திபுரத்து லாட்ஜில் அறை போட்டு, விடுதிச் சாப்பாட்டை மூன்று வேளையும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தீர்கள். சமையற்காரம்மா இன்னும் என்னைப் பிடித்து நிறுத்தி, "உங்கப்பாரு எப்பங் கண்ணு வருவாரு, ரசத்துல உப்புச் சரியான்னு கேக்கோணும்" என்கிறார். இந்த ஒரு இடத்துக்காவது நான் முதலில் போகிறேன்.

உங்கள் மகள்,
ரேணுகா

பெருந்துறை
25.11.1994

செல்ல மகள் ரேணுவுக்கு ஆசிகள்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கிணறு வந்த இடத்தில் சிரித்தவள் லாட்ஜ் வந்தும் நிறுத்தவில்லை. "ஏனுங்க, புள்ள என்ன போஸ்ட்டு மரமுங்களா, ஏர்றதுக்கு முன்னால டெஸ்டர் வெச்சுப் பாக்கறதுக்கு?" என்கிறாள்.

அவள் சொல்வதும் சரிதான். முப்பது வருஷமாக மின்வாரியத்தில் ஒரு ஆளைக் கம்பத்தில் ஏற்றுகிறேன் என்றால், லைனில் கரண்ட் நின்றுவிட்டதா என்று நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். போனில் யாரோ சொன்னார்கள் என்று நம்ப மாட்டேன். என் கீழே வேலை செய்தவர்கள் ஒருத்தர் வீட்டிலும் அழுகை கேட்டதில்லை. அந்தப் புத்தி சாயந்திரம் சட்டையைக் கழற்றும்போது கழன்றுவிடுகிறதா என்ன.

மூன்று நாள் காடு, அதுவும் மார்கழிக் குளிரில். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்று உன் சித்தப்பா வேறு ஆரம்பித்தான். "எம் பொண்ணு, எனக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ போய் வா. டேராடூனைப் பற்றி இப்போது பேச வேண்டாம், அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

முன்னால் போய்ப் பார்க்க மாட்டேன். இது வாக்கு. கோவை பஸ் கண்டக்டரிடம் ஒரு மூட்டை கொடுத்து அனுப்புகிறேன், காந்திபுரத்தில் வாங்கிக்கொள். இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, ஐந்து செல் டார்ச், பவானி ஜமக்காளம்.

அன்பு நைனா,
கோபாலசாமி

கோயமுத்தூர்
2.12.1994

அன்புள்ள நைனாவுக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. கண்டக்டர், "உள்ள ஆள் எதாச்சும் இருக்குதுங்களா அம்மணி?" என்று கேட்டார். ஜமக்காளத்தை மட்டும் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் கொண்டு போவேன், ஈரத் தரையில் விரிக்க அதைவிட நல்லது கிடையாது.

ரேஞ்சர் அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடாரங்களை என்.சி.சி.யில் இரவல் வாங்கியாகிவிட்டது. இப்போது சாப்பாட்டுச் சண்டை நடக்கிறது. காலையில் உப்புமா என்றேன், பாதி வகுப்பு என்னுடன் பேசுவதில்லை. ஜெரால்டு என்று ஒருத்தன் கிடார் கொண்டுவருவேன் என்கிறான். பறவைகளைக் கேட்கப் போகிற இடத்தில் கிடார் எதற்கு என்றேன், அவனும் இப்போது பேசுவதில்லை. எங்களோடு வரப்போகிற ஆசிரியர், விலங்கியல் சார் மட்டும், "நல்லாத்தான் நடத்துறேம்மா" என்றார்.

நீங்கள் வாக்குக் கொடுத்ததைத் தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ரேணுகா

பெருந்துறை
10.12.1994

செல்ல மகள் ரேணுவுக்கு,

போன வாரம் பொள்ளாச்சியில் வரதராஜுலு மாமா பேரனுக்குக் காது குத்து. அம்மா முழங்காலைக் காட்டி நின்றுகொண்டாள், நான் மட்டும் போய் வந்தேன். சாப்பாடு பிரமாதம். குழந்தை அலறி மண்டபத்தையே இரண்டாக்கிவிட்டான்.

முகாம் விஷயமாகச் சில யோசனைகள், பொதுவாகச் சொல்கிறேன். இந்த மாதிரி மலைப் பங்களாக்களில் பின்பக்கத்து ஓடைத் தண்ணீர் கலங்கலாக இருக்கலாம். கொஞ்சம் மேலே ஏறினால் பாறை இடுக்கில் நல்ல தண்ணீர் கிடைக்கக்கூடும். மேற்கு அறை ஜன்னலில் கொக்கி இல்லாமல் இருக்கலாம், கயிறு எடுத்துப் போ. காவலர்கள் பெரும்பாலும் தங்கமானவர்களாக இருப்பார்கள். யாகூப் என்று யாராவது இருந்தால் அவருக்குக் கொஞ்சம் வெற்றிலை கொண்டு போ. பின் தாழ்வாரத்தில் சர்வீஸ் வயர் தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் கிட்டே போகக் கூடாது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது.

உப்புமாதான் சரி. விட்டுக் கொடுக்காதே.

நைனா

கோயமுத்தூர்
15.12.1994

நைனாவுக்கு,

வெள்ளைப்பாறைக்குப் பொதுவாகப் போய் வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னதும், அந்த ஊர் மின்வாரிய ஆபீஸ் ஆட்கள் மலையேறி வந்து பார்த்திருக்கிறார்கள். வயரிங் முழுக்க ஆபத்து என்று பங்களாவுக்குக் கரண்ட்டை வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ரேஞ்சரிடமிருந்து கல்லூரிக்கு நேற்றுத் தபால் வந்தது. கட்டடத்தில் யாரும் தங்கக் கூடாதாம். பெண்களைக் கூடாரத்தில் தங்கவைக்க அவர் பொறுப்பேற்க மாட்டாராம். அதனால் அனுமதி ரத்து.

பதினாலு பேர் முன்னால் நின்று நான் இதைச் சொன்னேன். யார் புகார் கொடுத்தது என்று ஜெரால்டு கேட்டான். எங்கப்பா என்று சொன்னேன். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். சாராள் மேடம் "நாளைக்கு வந்து பாரு" என்றார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயம் கேட்டேன். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். எனக்கு இருபத்தோரு வயதாகிறது, என்னை நீங்கள் நம்பவில்லை. இதற்கு மேல் எழுதினால் மரியாதை தவறிவிடும்.

ரேணுகா

பெருந்துறை
18.12.1994

என் கண்ணு ரேணு,

உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளாகத் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

காது குத்து உண்மை. மறுநாள் காலையில் ஊருக்குத் திரும்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பக்கத்தில் மலைக்குப் போகிற பஸ் நின்றது. கால் அதில் ஏறிவிட்டது. இதற்கு மேல் எனக்கே விளங்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வயரில் டெஸ்டர் வைத்தேன், எரிந்தது. ஈரத் தரைக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வர என்னால் முடியாது. என் மகள் தங்கினாலும் சரி, ஊர் பேர் தெரியாதவர்கள் தங்கினாலும் சரி. சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. போனதற்கு வருத்தப்படுகிறேன். வாக்கு மீறிப் போனேன், போய்ப் பொய்யும் எழுதினேன். உன்னை நம்பாமல் இல்லை அம்மணி. உலகத்தைத்தான் நம்ப முடியவில்லை. அதற்கான தண்டனையை நீ அனுபவிக்கும்படி ஆகிவிட்டது.

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோயமுத்தூர் வந்து உங்கள் மேடத்தைப் பார்க்கிறேன், அப்படியே மலைக்குப் போய் ரேஞ்சர் காலைப் பிடித்தாவது அனுமதி வாங்கித் தருகிறேன். வயரிங்கை நானே மாற்றிக் கொடுத்தாலும் சரி. வரட்டுமா?

நைனா

கோயமுத்தூர்
21.12.1994

அன்புள்ள நைனாவுக்கு,

வர வேண்டாம். லீவை ரத்து செய்துவிடுங்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று பஸ் கண்டக்டரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

வயர் விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. நான் பார்த்திருந்தால் நானும் சொல்லித்தான் இருப்பேன். மேடம் வரச் சொன்ன நாளில் போய் அதைத்தான் முதலில் சொன்னேன். பங்களாவே வேண்டாம், எல்லாரும் கூடாரத்தில் தங்குகிறோம், ரேஞ்சரை நானே பார்க்கிறேன் என்றேன். "சரி, நட" என்று அவரும் பஸ் ஏறி வந்தார். ரேஞ்சரிடம் முழுக்க என்னையே பேச வைத்தார். பெண்களோடு ஒரு பெண் ஆசிரியை தங்கினால் சம்மதம் என்று ரேஞ்சர் கடைசியில் இறங்கி வந்தார். கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று மேடம் முனகினார். ஆனாலும் "சாருக்குப் பதிலா நானே வர்றேன்" என்றுவிட்டார். இருபத்தேழாம் தேதி புறப்படுகிறோம்.

யாகூபைப் பார்த்தேன். வெற்றிலை கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "கரண்ட்டு ஆபீசுக்காரரு உங்கப்பாருங்களா அம்மணி? பங்களாச் சாவி இருக்குது, உள்ளார படுங்கன்னேனுங்க. கம்பளி குடுத்தேன், அதும் வேண்டாம்னு போட்டாரு. எம்புள்ளைக்கு எத்தன குளுருமுன்னு தெரியோணும்னு முன் தாவாரத்துலயே படுத்துக்கிட்டாருங்க. விடியறப்பப் பல்லு தந்தியடிச்சுதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு மேடம் முன்னால் நின்றேன். உங்களுக்குச் சளி பிடித்ததா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

ரேணுகா

(கார்டு)
பெருந்துறை
24.12.1994

அம்மணி, சளி பிடித்தது, போய்விட்டது. மிளகுப் பொடி நல்லது. நான் வீட்டிலேயே இருக்கிறேன். நல்லபடியாகப் போய் வா. நைனா.

கோயமுத்தூர்
3.1.1995

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

பதினாலு பேரும் மேடமும் பத்திரமாகத் திரும்பிவிட்டோம். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். குரங்குக் குல்லாவைப் பார்த்து முதல் நாள் சிரித்தவர்கள் மறுநாள் அதற்கு முறை போட்டுக்கொண்டார்கள். ஜமக்காளத்தை மேடம் எடுத்துக்கொண்டார், திருப்பித் தர மனசில்லை என்கிறார்.

இரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் யானைகள் வந்தன. மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டார்ச் அடிக்காதீர்கள், ஓடாதீர்கள், பாறைக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்றேன். யாகூப் தலையை ஆட்டினார், அதனால் சரியாகத்தான் சொல்கிறேன் என்று தெரிந்தது. அவை தண்ணீர் குடித்து முடித்துப் போகும் வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு குட்டியும் இருந்தது. அந்த நேரத்தில் உங்களை நினைத்தேன் நைனா. நீங்கள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லாததும் நல்லதாகப் போயிற்று என்று அடுத்த நிமிஷம் தோன்றியது. நீங்கள் இருந்திருந்தால் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், யானைகளைப் பார்த்திருக்க மாட்டேன்.

மேடம் சிபாரிசு எழுதிக் கொடுத்துவிட்டார். டேராடூனில் மார்ச் முதல் வாரம் நேர்முகத் தேர்வு. மூன்று நாள் ரயில், டில்லியில் மாற வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் போக மாட்டேன், உங்களை மீறிப் போகிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் போ என்றால் தனியாகப் போகச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஊருக்கு இனிமேல் என்னால் போக முடியாது. உங்கள் பதிலுக்காகத்தான் விண்ணப்பத்தை இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

ரேணுகா

பெருந்துறை
17.1.1995

என் கண்ணு ரேணுவுக்கு,

பதில் எழுதப் பொங்கல் முடியும் வரை இழுத்துவிட்டேன். தினமும் பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தை எழுதினால் நீ வீட்டோடு இருந்துவிடுவாய் என்று தெரியும். அந்த வார்த்தையைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். யானை வந்த பக்கத்தை மட்டும் அம்மா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறாள், கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.

இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உனக்கு ஒரு வாரம் முன்னால் நான் டேராடூன் போய்விட்டு, உனக்குத் தெரியாமல் திரும்பி வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கே தங்குவாய், ஸ்டேஷனில் இறங்கியதும் எந்தப் பக்கம் நடப்பாய், அங்கே சோறு கிடைக்குமா, இதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். லீவு எழுதியாகிவிட்டது. உன் அம்மா என் பையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க. ஆனா இந்தத் தடவ புள்ளைக்கு நானே எழுதிப் போடறனுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று ஈரோடு ஜங்ஷனுக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று வாங்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பேரனைப் பட்டாளத்துக்கு அனுப்ப டிக்கெட் எடுக்க வந்தவர், எங்கே போறீங்க என்று கேட்டார். மகள் டேராடூன் போகிறாள், காட்டைப் பற்றிப் படிக்க என்றேன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது. சோறு இறங்காத விஷயம் வாயில் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம்.

என் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "எத்தன டிக்கெட்டுங்க?" என்றார். வாய் வரைக்கும் இரண்டு என்றுதான் வந்தது.

ஒண்ணுதானுங்க என்றேன். பெண், வயது இருபத்தொன்று என்றேன்.

டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தை இன்றைக்கே அனுப்பிவிடு. கீழ் பெர்த் கேட்டு வாங்கிவிட்டேன், அதை மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்.

நைனா